பங்காளி கையொப்பமிடும் இடம்

ஆகஸ்ட் 4

வந்து சேர்ந்தேன். பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் எட்டாம் எண் அறை. மின்விசிறி மூன்றில் வைத்தால் சுற்றுகிறது. நான்கில் வைத்தால் சத்தம் மட்டும் வருகிறது.

கல்லூரியில் பதினெட்டு வருடம் பொருளாதாரம் நடத்தி, அதில் ஒன்பது வருடம் நாட்டு நலப்பணித் திட்டத்தையும் தலையில் சுமந்து, நாற்பத்தாறு வயதில் மறுபடி மாணவன். படிப்பின் பெயர் 'சமூக ஈடுபாட்டுத் தலைமைக்கான முதுநிலைப் பட்டயம்'. மாணவர்களை ஊர்களுக்கு அழைத்துப்போய், அங்கே செய்யும் வேலையையே பாடமாக்கத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்குவது நோக்கமாம். நான்கு மாதம். இந்தப் பல்கலைக்கழகத்திலேயே அடுத்த வருடம் சமூக ஈடுபாட்டு மையம் தொடங்குகிறார்கள் என்றும், இயக்குநரை இந்த வகுப்பிலிருந்துதான் எடுப்பார்கள் என்றும் பேச்சு. பேச்சுதான்.

பச்சை அட்டை போட்ட 'சிந்தனைக் குறிப்பேடு' ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிதோறும் சமர்ப்பிக்க வேண்டும். இது மருந்துக்கடையில் கொடுத்த டைரி. இதை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 11

இன்று வகுப்பில் ஒரு சொல்லை அடக்கம் செய்தோம். ஒருங்கிணைப்பாளர் எஸ்தர் ரூபவதி மேடம் பலகையில் 'பயனாளி' என்று எழுதி, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"நாம கொடுக்கிறவங்க, அவங்க கைநீட்டி வாங்கிக்கிறவங்கன்னு இந்தச் சொல் சொல்லுது. இனிமே வகுப்புல, படிவத்துல, எங்கேயும் இது வரக் கூடாது."

அதற்குப் பதில் என்ன சொல் என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் நான். 'கூட்டாளி' என்றால் காவல் நிலையத்து அறிக்கை மாதிரி இருக்கிறது. 'பங்குதாரர்' பங்குச் சந்தைக்குப் போய்விடுகிறது. ஒருவர் 'இணைவர்' என்றார். அது அவருக்கே புரியவில்லை. நான் 'பங்காளி' என்றேன். கையொப்பக் கட்டத்தின் அகலம் நான்கு சென்டிமீட்டர். அதில் அளவாக உட்கார்ந்தது.

மேடம் கொஞ்சம் யோசித்தார். "இதுக்குச் சொந்தபந்தத்துல வேற அர்த்தம் உண்டே சார்?"

"பங்கு உள்ளவர், அவ்வளவுதான் மேடம்" என்றேன்.

இருநூறு படிவம் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 12

மெஸ்ஸில் உப்புமா. தொடர்ந்து மூன்றாவது நாள்.

ஆகஸ்ட் 25

எனக்குக் களம் ஊத்துமேடு. வளாகத்தின் பின்சுவரை ஒட்டி எண்பது வீடுகள். சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவு இரும்புக் கேட். என் அறையிலிருந்து அதன் வழியாக ஊத்துமேட்டுக்கு ஆறு நிமிடம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

அந்த வழியாகத்தான் பெண்கள் விடுதிச் சமையல் வேலைக்கு வருகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வளாகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுடுகாட்டுக்கும் அதுதான் பாதை. பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே இருந்த பாதையாம். சுவர் எழுப்பியபோது அதற்காகவே கேட் வைத்திருக்கிறார்கள்.

இன்று ஒப்பந்தப் படிவத்தில் கையொப்பம் வாங்கினேன். மகளிர் குழுத் தலைவி ஒச்சம்மா, என்னைவிட நாலைந்து வயது இளையவர், பத்தாவது வரை படித்தவர். மகளிர் விடுதியில் காய் நறுக்கும் வேலை. படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அப்படி யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

"பங்காளின்னு போட்டிருக்கு. எந்தச் சொத்துல சார்?"

பெண்கள் சிரித்தார்கள். பல்கலைக்கழகமும் ஊத்துமேடும் சமம், எந்த முடிவானாலும் சேர்ந்து எடுப்போம் என்று விளக்கினேன்.

அவருடைய மாமனார் வீரணன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏத்தா, வாத்தியாரு நல்ல வார்த்ததான சொல்றாரு. கூடப் பொறந்தவன் போய்ச் சேந்துட்டான். பெத்த மகன் மஸ்கட்ல கெடக்கான். நாளைக்கு எனக்கு நீர்மாலை எடுக்க ஆள் பத்தாது. வலிய வர்ற பங்காளிய எதுக்குத் தள்ளுற? போடு கையெழுத்த."

நீர்மாலை எங்கள் பக்கமும் உண்டு. இறந்தவரைக் குளிப்பாட்டப் பங்காளிகள் குடம் எடுத்துப் போய் நீர் கொண்டுவர வேண்டும். இந்தப் பேச்சைப் பச்சைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒச்சம்மா பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க பக்கம் நல்லதோ பொல்லாததோ, சேதின்னா மொதல்ல பங்காளிக்குத்தான் சொல்லணும். உங்க பக்கமும் அப்படித்தான சார்?"

"ஆமாம்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 3

சலவைக்குப் போட்ட ஆறு உருப்படியில் ஐந்து வந்தது. வீரணன் பாதையில் போகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி "நம்ம பங்காளி" என்கிறார். கேட்டில் இருக்கும் காவலாளியிடமும் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 9

வரைபடப் பயிற்சி. ஊரார் தங்கள் ஊரைத் தாங்களே வரைய வேண்டும், நாம் குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும் என்பது விதி. தெருவைக் கூட்டிவிட்டுக் கோலப்பொடியில் வரைந்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பத்துப் பேர் படம் எடுத்தார்கள். குழாய் எங்கே, ரேஷன் கடை எங்கே என்று ஒரே சண்டை. கேட்டை மட்டும் ஒச்சம்மா செங்கல் பொடியில் சிவப்பாகப் போட்டார். எல்லாக் கோடும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. நல்ல பயிற்சி. எனக்கே பிடித்திருந்தது.

பதினான்கு பெண்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார்கள். தாளின் தலைப்பில் 'கூட்டம்' என்றும் தேதியும் எழுதியிருந்தேன். 'பொருள்' என்ற இடத்தில் எழுத மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 20

மனைவி மங்கை போனில் கேட்டாள், அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று. பங்காளி என்ற சொல்லைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தாள்.

"உங்க அண்ணன்கூடப் பேசி ஏழு வருசமாச்சு. வீட்டுக்கு நடுவுல சுவர் வச்சிருக்கீங்க. நீங்க போய் ஊருக்குப் பங்காளி பேர் வைக்கிறீங்களா?"

அது வேறு விஷயம் என்றேன். மாத்திரை வாங்க மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 6

பதிவாளர் அறையில் கூட்டம். டிசம்பர் தொடக்கத்தில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தொன்பது பொருள்கள். ஏழாவது, பின் கேட்டை நிரந்தரமாக அடைத்துச் சுவர் எழுப்புவது. பாதுகாப்புக் காரணம்.

எஸ்தர் மேடம்தான் கேட்டார். "ஊத்துமேட்டுக்காரங்ககிட்டக் கலந்து பேசியாச்சா சார்?"

பதிவாளர் என் பக்கம் திரும்பினார். "சிகாமணி சார் தினம் அங்கதானே போயிட்டு வர்றாரு. பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"போய்க்கொண்டுதான் இருக்கிறேன்" என்றேன். அது உண்மைதான்.

மேடம் தலையசைத்தார். அடுத்த பொருளுக்குப் போனார்கள். குறிப்பில் இப்படி எழுதினேன்: 'ஊத்துமேடு பங்காளிகளுடன் தொடர்ந்து கலந்தாலோசிக்கப்பட்டு வருகிறது.' வாக்கியம் நன்றாக அமைந்தது.

பிறகு டீ. பதிவாளர் என் தோளில் கை வைத்து, மையத்துக்கு நம்ம ஆளாக ஒருத்தர் வந்தால் நன்றாக இருக்கும் என்றார். பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது.

அக்டோபர் 8

பதிவாளர் அலுவலக எழுத்தர் கோமதிநாயகம் வந்தார். கலந்தாலோசித்ததற்குக் கோப்பில் ஓர் ஆதாரம் வைக்க வேண்டுமாம். செப்டம்பர் 9 வருகைப் பதிவைக் கொடுத்தேன். 'பொருள்' காலியாக இருக்கிறதே என்றார். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இரண்டு சட்டை இஸ்திரிக்குப் போட்டேன்.

அக்டோபர் 13

ஊத்துமேடு போனேன். போகாமல் இருக்க முடியாது, வாரம் மூன்று நாள் களம்.

ஒச்சம்மா சுண்டல் கொடுத்தார். "நேத்து ரெண்டு பேரு கேட்டுக்கிட்ட நின்னு டேப்பு வச்சு அளந்துட்டுப் போனாக. என்ன சார் சேதி?"

"தெரியலையே, விசாரிக்கிறேன்" என்றேன்.

"நீங்க பாத்துச் சொல்லுவீகன்னுதான் நாங்க யாருகிட்டயும் கேக்கல."

சுண்டலில் உப்புக் குறைவு. பச்சைக் குறிப்பேட்டில், பங்காளிகள் தங்கள் ஐயங்களைத் தயக்கமின்றிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று எழுதினேன். மேடம் ஓரத்தில் 'நன்று' போட்டிருக்கிறார்.

அக்டோபர் 14

நெஞ்செரிச்சல். சுண்டலாக இருக்கும்.

அக்டோபர் 21

தீபாவளிக்கு வீட்டில் இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டில் காலையிலிருந்து வெடி. அண்ணன் பேத்தி பிறந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் கேட்கிறது.

அக்டோபர் 27

திரும்பினேன். விடுமுறையில் வேலையை முடித்துவிட்டார்கள். கேட் இருந்த இடத்தில் ஹாலோ பிளாக் சுவர். பூச்சு இன்னும் காயவில்லை.

மதியம் அளந்து பார்த்தேன். முன்வாசல் வழியாக வெளியே போய், பைபாஸ் சாலையில் நடந்து, வாய்க்கால் கரை ஏறி ஊத்துமேட்டுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். ஊருக்குள் போகவில்லை. கரையிலிருந்தே திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 29

மகளிர் விடுதியில் காலைச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் வந்ததாம். மாணவிகள் புகார். வேலைக்காரர்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று வார்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 4

ஒச்சம்மா இப்போது விடியுமுன்பே கிளம்புகிறார் என்று தெருவில் சொன்னார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்குச் சிலவற்றைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வீரணன் மட்டும் கேட்டார். நெஞ்சில் சளி, கட்டிலைவிட்டு எழவில்லை. "பங்காளி, அந்தச் சுவத்த எப்ப எடுப்பாக? பெரிய ஆபீசருக வந்துட்டுப் போற வரைக்கும்தான?"

"வந்துட்டுப் போகட்டும், பார்க்கலாம்" என்றேன்.

அப்படி எடுக்கும் உத்தேசம் எதுவும் இல்லை. குறிப்பெடுத்தவன் நான்.

நவம்பர் 12

இறுதிக் களப்பணி விளக்கம். வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள். பதினொரு மணிக்கு நான். கணினியில் மொத்தம் ஒன்பது திரைகள். ஏழாவது திரையின் தலைப்பு 'பரஸ்பர நம்பிக்கை'. அதில் கோலப்பொடி வரைபடத்தின் படம். சிவப்புக் கேட் நன்றாகத் தெரியும்.

அதை விளக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். தவசி, ஒச்சம்மாவின் சித்தப்பா மகன். காலில் செருப்பு இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் காவலாளி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் வாக்கியத்தை முடிக்கும் வரை தவசி காத்திருந்தார்.

"கேதம் சொல்ல வந்தேன். பங்காளிக்கு" என்றார். "பெரியவரு வீரணன் காலையில தவறிட்டாரு. ஒரு மணிக்கு நீர்மாலை. மூணு மணிக்குத் தூக்குறோம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேதம் சொல்ல இன்னும் ஏழெட்டு வீடு இருந்திருக்கும்.

தேர்வாளர்களில் ஒருவர் வட நாட்டில் இருந்து பழகியவர். எஸ்தர் மேடம் அவருக்கு விளக்கினார், இறப்புச் செய்தியை உறவினருக்கு ஆள் அனுப்பிச் சொல்வது இங்கே வழக்கம், இவரைப் பங்காளியாக வைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று. இவ்வளவு நெருக்கம் தான் எங்கும் பார்த்ததில்லை என்று அவர் சொல்லித் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்போதே கிளம்பியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு திரைகள் இருந்தன, பிறகு கேள்விகள், பிறகு சாப்பாடு, பிறகு குழுப் படம். படத்தில் நான் நடுவில்.

இரண்டே காலுக்குக் கிளம்பினேன். ஊத்துமேடு போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. வீட்டு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஆண்கள் யாரும் இல்லை. சுற்றிப் போக வேண்டும் என்பதால் இரண்டு மணிக்கே தூக்கிவிட்டார்களாம். நான் தெற்கே சுற்றி வந்திருக்கிறேன். அவர்கள் வடக்கே சுற்றிப் போயிருக்கிறார்கள்.

ஒச்சம்மா ஈரத் தலையோடு வாசற்படியில் இருந்தார். குரலில் கோபம் இல்லை.

"நீர்மாலைக்கு அரை மணி நேரம் நின்னு பாத்தோம் சார். பெருசு நாலு நாளா உங்களத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் உங்க குடத்தையும் சேத்துத் தவசி அண்ணனே ரெண்டு குடம் எடுத்துருச்சு."

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எதுக்கு அடைச்சாகன்னு வார்டன் அம்மாகிட்டக் கேட்டேன். நீங்கல்லாம் ஒத்துக்கிட்டுத்தான கையெழுத்துப் போட்டீங்கன்னு ஆபீசுல இருந்து வந்த ஒரு தாளக் காட்டுனாக. எங்க கையெழுத்துத்தான். கோலப்பொடியில படம் போட்டமே, அன்னைக்குப் போட்டது. மேல மட்டும் வேற கையில எழுதியிருந்துச்சு." ஈரத் தலையை முடிந்துகொண்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்" என்றேன்.

இந்த ஒரு வரியை எழுத மூன்று முறை பேனாவை மூடினேன். வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

நவம்பர் 13

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. வகுப்பில் நான்தான் முதல். 'பங்காளிகளுடனான உறவு வியக்கத்தக்கது' என்று தேர்வாளர் எழுதியிருக்கிறார்.

மங்கை கேட்டாள், கேதத்துக்குப் போனீர்களா என்று. போனேன் என்றேன்.

நவம்பர் 19

இஸ்திரிக் கடையிலிருந்து சட்டை எடுக்கவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 28

நேற்று வீரணனுக்குக் கருமாதி. என்னை அழைக்கவில்லை.

எல்லாம் முடிந்து பாக்கி இருப்பது ஒரு தாள், 'பங்காளி மதிப்பீட்டுப் படிவம்'. பயிற்சி பெற்றவரைப் பற்றி ஊரார் நிரப்பித் தர வேண்டும். இது இல்லாமல் பட்டயம் இல்லை. கோமதிநாயகம் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார். ஊத்துமேட்டில் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒச்சம்மாவிடமே போனேன்.

அவர் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வழக்கம்போல முழுவதும் படித்தார். பேனா கேட்டார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அதுவும் விதிதான், படிவத்தின் அடியில் இருக்கிறது. நிரப்பி நான்காக மடித்துக் கொடுத்தார்.

வாய்க்கால் கரையில் வைத்துப் பிரித்தேன்.

ஐந்து கேள்விகள். நேரத்துக்கு வந்தாரா, ஆம். மரியாதையாகப் பேசினாரா, ஆம். சொல்வதைக் கேட்டாரா, ஆம். மாணவர்களை ஒழுங்காக நடத்தினாரா, ஆம். மீண்டும் இவருடன் பணியாற்ற விருப்பமா என்ற இடம் காலி. கீழே அவருடைய கையொப்பம், தெளிவாக.

மாற்றம் மேலே இருந்தது. 'பயிற்சி பெறுபவர்: பேரா. அ. தெய்வசிகாமணி' என்று அச்சடித்திருந்த வரியில், 'பயிற்சி பெறுபவர்' என்பதைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு அதன் மேல் 'பயனாளி' என்று எழுதியிருந்தார்.

நாங்கள் அடக்கம் செய்த சொல். அவருக்கு அது நன்றாகத் தெரிந்த சொல்தான். தையல் இயந்திரம், ஆடு, தொகுப்பு வீடு என்று எந்தப் பட்டியல் வந்தாலும் இருபது வருடமாக அவருடைய பெயர் அந்தத் தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. பட்டயம் எனக்கு, முதலிடம் எனக்கு, பதவியும் வந்தால் எனக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மறுபடி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 29

கோமதிநாயகத்திடம் படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சார், இதுல பயனாளின்னு எழுதியிருக்காங்களே. நாமதான் இந்தச் சொல்லே வரக் கூடாதுன்னுட்டோமே. தெரியாமத் தப்பா எழுதியிருப்பாங்க. வேற படிவம் தர்றேன், யார்கிட்டயாவது வாங்கிட்டு வந்துருங்க. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"தப்பு இல்லை. அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். கூடவே ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். சிறிய கடிதம். செப்டம்பர் 9 தேதியிட்ட வருகைப் பதிவில் உள்ள பதினான்கு கையொப்பங்களும் ஒரு வரைபடப் பயிற்சிக்காகப் போடப்பட்டவை. கேட்டை அடைக்க ஊத்துமேட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். கலந்தாலோசித்ததாகக் கூட்டக் குறிப்பில் எழுதியதும் நானே. அவ்வளவுதான்.

அவர் இரண்டு முறை படித்தார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வந்தார். "சார், நல்லா யோசிச்சீங்களா? நாளான்னைக்குக் குழு வருது. இயக்குநர் போஸ்டுக்கு உங்க பேருதான் மேல இருக்கு."

யோசித்தேன் என்றேன்.

"சரி, நகல் யார் யாருக்குன்னு போடணும்?"

"எஸ்தர் மேடத்துக்கு ஒன்று. மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒன்று."

"முதல் பிரதி பதிவாளருக்குத்தானே?"

"முதல் பிரதி ஒச்சம்மாவுக்கு. காலையிலேயே கொடுத்துவிட்டேன்."

"பதிவாளருக்கு முன்னாடியேவா சார்?"

"சேதி முதலில் அங்கேதான் சொல்ல வேண்டும்" என்றேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

விடியுமுன் கொடுத்தபோது ஒச்சம்மா வேலைக்குக் கிளம்பி வாசல் விளக்கடியில் நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நேரமாகிறது என்று நடக்கத் தொடங்கினார். நானும் அந்தப் பக்கம்தான் திரும்ப வேண்டும். கொஞ்சம் பின்னால் நடந்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம்.